பக்கத்து மனையில் ஷட்டர் ஏறும்போது

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே சண்டையைப் பற்றியவை. வீடுகளுக்கு நடுவே ஒரு தொழில் வருகிறது; வேண்டாம் என்கிறது தெரு. எதிர்க்கிறவர்களும் எழுதியிருக்கிறார்கள், தொழில் நடத்துகிறவர்களும் எழுதியிருக்கிறார்கள். நகர் ஊரமைப்புத் துறையில் கோப்பு பார்த்தே தலை நரைத்தவன் என்பதால் ஆசிரியர் மொத்தக் கட்டையும் என் மேசைக்குத் தள்ளிவிட்டார்.

கேள்வி: எங்கள் பக்கத்து வீட்டின் கீழ்த்தளத்தை லேத் பட்டறைக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மிஷின், ஒரு கம்ப்ரசர். ஜாப் ஆர்டர் அதிகம் வந்தால் இரவு பதினொன்று வரை ஓடுகிறது. தெருவில் 43 பேர் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தோம். “தல ஆய்வு செய்யப்பட்டது, இரைச்சல் ஏதும் காணப்படவில்லை” என்று பதில் வந்திருக்கிறது. அடுத்து என்ன செய்வது?
— ஒரு வாசகி, கணபதி, கோவை

பதில்: ஆய்வுக்கு வந்தவர்கள் எத்தனை மணிக்கு வந்தார்கள் என்று விசாரித்தீர்களா அம்மா? பகல் பதினொன்றரை வாக்கில் வந்திருப்பார்கள். ஜீப் தெருமுனையில் திரும்பும்போதே கம்ப்ரசர் நின்றுவிடும். நான் ஆய்வுக்குப் போன இடங்களிலும் இதே கதைதான். லேத்தின் மேல் தார்ப்பாய் போர்த்தியிருக்கும், தரையில் சூடு ஆறாத இரும்புச் சுருள் கிடக்கும், “இன்னைக்குக் கரண்ட் இல்லீங்க சார்” என்பார் ஓனர். அவர் தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கும்.

நீங்கள் இணைத்திருந்த மனு நகலைப் படித்தேன். பட்டறைக்காரர் மரியாதை இல்லாமல் பேசியது, பையன்கள் வாசலில் நின்று பீடி குடிப்பது, வாடகைக்கு விட்டவர் வெளியூரில் நிம்மதியாக இருப்பது என்று முதல் பக்கம் போய்விட்டது. இரவு பதினொன்று மணி என்ற விஷயம் இரண்டாம் பக்கத்தின் அடியில் இருக்கிறது. “இது குடியிருப்புப் பகுதி” என்று பல இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அந்த மனையின் புல எண் (சர்வே நம்பர்) என்ன, முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளான்) அதற்கு என்ன உபயோகம் குறிக்கப்பட்டிருக்கிறது என்பது ஓரிடத்திலும் இல்லை. மனுவை வாங்கிய அலுவலர் முதலில் தேடியது அதைத்தான். மனுவில் கோபத்தைக் குறைத்து அளவை எழுதுங்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்வது இதற்காகவே.

சுற்றிலும் வீடுகள் இருப்பதால் மட்டும் ஓர் இடம் சட்டப்படி குடியிருப்பு உபயோகம் ஆகிவிடாது. 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டப்படி தயாராகும் முழுமைத் திட்டத்தில் ஒவ்வொரு புல எண்ணுக்கும் ஓர் உபயோகம் உண்டு. 2019-இல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், எந்த உபயோகத்தில் எதற்கு இடமுண்டு என்று சொல்கின்றன. ‘ஆதாரக் குடியிருப்பு’ என்றால் கெடுபிடி அதிகம்; அன்றாடத் தேவைக்கான சிறு கடைகள், அங்கேயே குடியிருப்பவரின் ஆலோசனை அறை போன்றவை வரலாம். ‘கலப்புக் குடியிருப்பு’ என்றால் குதிரைத்திறன், பரப்பளவு வரம்புகளுக்கு உட்பட்டுச் சிறுதொழிலும் வரலாம். உங்கள் பக்கத்து மனை இதில் எது என்று தெரியாமல் எழுதும் மனு எல்லாம் இருட்டில் கல்லெறிவதுதான்.

கோவையில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. கணபதி, ஆவாரம்பாளையம், பீளமேடு பக்கம் பம்ப்செட், மோட்டார் உதிரிபாகம் கடையும் பட்டறைகள் வீட்டோடு வீடாக வளர்ந்தவை. பல தெருக்களில் பட்டறைதான் மூத்த குடி. அந்த ஊருக்கு நெடுங்காலம் 1994-ஆம் ஆண்டின் முழுமைத் திட்டமே நடப்பில் இருந்தது. ஆகவே நில உபயோகச் சான்று வாங்கும்போது எந்தத் திட்டத்தின்படி தருகிறார்கள் என்று ஆண்டையும் பாருங்கள். சான்று உள்ளூர் திட்டக் குழும அலுவலகத்தில் கிடைக்கும்.

அடுத்தது தகவல் உரிமைச் சட்ட மனு. பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாளில் பதில் தர வேண்டும். “ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?” என்று கேட்காதீர்கள், ‘ஏன்’ என்ற கேள்விக்கு மழுப்பலாகத்தான் பதில் வரும். ஆவணத்தைக் கேளுங்கள்: அந்தக் கட்டடத்தின் திட்ட அனுமதி நகல், அதில் கீழ்த்தளத்துக்குக் காட்டப்பட்ட உபயோகம், தொழில் உரிம நகல், தொழில் நடத்த மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தரும் அனுமதியான இசைவாணை இருந்தால் அதன் நகல், உங்கள் மனு மீது நடந்த ஆய்வறிக்கை, ஆய்வு நடந்த தேதியும் நேரமும். கடைசி வரியை மறக்கவே கூடாது. ‘பகல் 11.30’ என்று அவர்கள் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டால், இரவில் மறு ஆய்வு கேட்க உங்களுக்கு வேறு காரணமே வேண்டாம்.

பட்டறையில் என்னென்ன நடக்கிறது என்பதையும் கவனியுங்கள். வெறும் கடைசல் வேலை மட்டும் நடந்தால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கணக்கில் ஒரு வகை. அதோடு பெயின்ட் அடிப்பதும் இரும்பைச் சூடாக்கிப் பதப்படுத்துவதும் சேர்ந்தால் வகை மாறிவிடும், கேள்விகளும் கூடும்.

சத்தத்துக்குத் தனியாக 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இருக்கின்றன. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு என்பது பத்து மணி முதல் காலை ஆறு வரை. வரம்பை 10 டெசிபலோ அதற்கு மேலோ தாண்டினால் அதற்கென நியமிக்கப்பட்ட அதிகாரியிடம் புகார் தரலாம். கைப்பேசிச் செயலியில் அளப்பது சாட்சியமாக நிற்காது. ஆனாலும் தேதி, நேரம், எந்த மிஷின், எவ்வளவு நேரம் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அந்த நோட்டைப் பார்த்தால் அதிகாரி உட்காரச் சொல்வார்.

இதற்கும் அசையவில்லை என்றால் வருவாய்க் கோட்டாட்சியரிடம் போகலாம். பொதுத் தொல்லையை அகற்ற நிபந்தனை உத்தரவு போடும் அதிகாரம் அவருக்கு உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது 133-ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள புதிய சட்டத்தில் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 152. பழைய நம்பரைப் போட்டு யாராவது மனு எழுதிக் கொடுத்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 1980-இல் ரத்லம் நகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் பெரிதாகப் பேசியது இந்தப் பிரிவைப் பற்றித்தான். சாக்கடை கட்டப் பணமில்லை என்று நகராட்சி கை விரித்தது, நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அனுமதி இல்லாத உபயோகம் என்று உறுதியானால், நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57 பிரிவுகளில் நோட்டீஸ் கொடுத்துப் பூட்டி சீல் வைக்கவும் முடியும்.

முடியும் என்றுதான் சொல்கிறேன், நடந்துவிடும் என்று சொல்லவில்லை. சீல் வைத்தால் அரசிடம் மேல்முறையீட்டுக்குப் போவார்கள். கோப்பு அங்கே படுத்துவிட்டால் பட்டறை மறுபடி ஓடும். அதனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் ‘மூடு’ என்று கேட்பதற்கு முன்னால் மூன்று நிபந்தனைகளைக் கேட்டுப் பார்ப்பேன். இரவு எட்டுக்கு மேல் மிஷின் ஓடக் கூடாது. கம்ப்ரசர் உங்கள் படுக்கையறைச் சுவரை விட்டு எதிர்ப்பக்கம் போக வேண்டும். மிஷின்களுக்கு அடியில் அதிர்வு தாங்கும் ரப்பர் போட வேண்டும். தொழில் உரிமத்திலேயே நிபந்தனையாக இவற்றை எழுதிவிட்டால், அடுத்த முறை அவர் மீறும்போது நீங்கள் புதிதாக எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை.

அந்த 43 கையெழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் எத்தனை பேர் வீட்டுச் சுவர் பட்டறைச் சுவரை ஒட்டியிருக்கிறது? நான்கு வீடு இருக்கலாம். அந்த நால்வரும் தனித்தனியாக, தங்கள் வீட்டில் எந்த அறையில் எந்த நேரத்தில் என்ன கேட்கிறது என்று எழுதிக் கொடுத்தால் மீதி 39 கையெழுத்தை விட அது கனமாக இருக்கும். தெருக்கோடியில் இருப்பவர் கையெழுத்தை, “ஏங்க, உங்களுக்கு அங்க கேக்குதா?” என்ற ஒரே கேள்வியில் எதிர்த்தரப்பு வக்கீல் உதறிவிடுவார்.

கேள்வி: கணவர் இறந்த பிறகு வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து பாக்கெட் போட்டு மளிகைக் கடைகளுக்குக் கொடுத்து வருகிறேன். இப்போது ஐந்து கிரைண்டர் ஓடுகிறது. எதிர்வீட்டுக்காரர், குடியிருப்புப் பகுதியில் நான் தொழிற்சாலை நடத்துவதாக மாநகராட்சிக்கு மனு போட்டிருக்கிறார். உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவுச் சான்று என்னிடம் இருக்கிறது. அது போதாதா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை

பதில்: போதாது தாயே. அந்தச் சான்று உங்கள் மாவைப் பற்றியது. எதிர்வீட்டுக்காரர் கேட்பது உங்கள் மனையைப் பற்றி. இரண்டையும் பார்க்கிறவர்கள் வேறு வேறு அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

முதலில் மின்சாரத்தைச் சரிசெய்யுங்கள். ஐந்து கிரைண்டரும் வீட்டு இணைப்பில்தான் ஓடுகின்றன என்று உங்கள் கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. வீட்டுக் கட்டணத்தில் வாங்கும் மின்சாரத்தைத் தொழிலுக்குப் பயன்படுத்தினால் 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் 126-ஆம் பிரிவில் இரு மடங்குக் கட்டணம் போடலாம். மாநகராட்சிக்குப் போன மனுவின் நகல் ஒன்று மின்வாரியத்துக்கும் போக எத்தனை நாள் ஆகும்? அதற்குள் நீங்களே போய் உரிய கட்டண வகைக்கு மாற்ற விண்ணப்பித்துவிடுங்கள். பிறகு நில உபயோகச் சான்று. கலப்புக் குடியிருப்பு என்று வந்தால் உங்கள் வண்டி நிமிர்ந்துவிடும். குதிரைத்திறன் கணக்கைப் போட்டுத் தொழில் உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். ஆதாரக் குடியிருப்பு என்று வந்தால் ஐந்து கிரைண்டருக்கு அங்கே வாதாடுவது சிரமம். அரைப்பதை மட்டும் வேறோர் இடத்துக்கு மாற்றிவிட்டு, கணக்கு வழக்கையும் ஆர்டர் எடுப்பதையும் வீட்டில் வைத்துக்கொள்வதை இப்போதே யோசிக்க ஆரம்பியுங்கள்.

இனி எதிர்வீட்டுக்காரர். மனுவில் அவர் ‘தொழிற்சாலை’ என்று எழுதியிருக்கலாம். ஆனால் நீங்களே போகிற போக்கில் எழுதியிருக்கும் இரண்டு விஷயங்கள் என் கண்ணில் பட்டன: அதிகாலை நாலரை மணிக்குச் சரக்கு எடுக்க ஆட்டோ வருகிறது, அரிசி களைந்த தண்ணீர் வாசல் சாக்கடையில் போகிறது. அவருடைய தூக்கத்தைக் கெடுத்தது கிரைண்டராக இருக்காது, ஆட்டோவின் ஹார்னாகத்தான் இருக்கும். அப்படியானால் டிரைவரிடம் சொல்லி ஹார்ன் அடிக்காமல் தெருமுனையில் நிறுத்தச் சொன்னாலே பாதிக் கோபம் போய்விடும்.

சாக்கடை விஷயம் அவ்வளவு லேசில்லை. உளுந்துத் தோலும் மாவுக் கசடும் வாட்டம் குறைந்த கால்வாயில் தங்கினால் மறுநாள் வெயில் ஏறும்போது புளித்த நாற்றம் கிளம்பும். உள்ளே மாவு புளித்தால் உங்களுக்கு லாபம், வெளியே கசடு புளித்தால் தெருவுக்கே தொல்லை. சுகாதார ஆய்வாளர் வந்தால் கிரைண்டரைப் பார்க்க மாட்டார், கால்வாயில் படிந்திருக்கும் வெள்ளைப் படிவத்தைத்தான் போட்டோ எடுப்பார். தண்ணீர் வெளியே போகும் இடத்தில் இரண்டு அறை வைத்துச் சிறு தொட்டி கட்டுங்கள். முதல் அறையில் கசடு தங்கட்டும், தெளிந்த தண்ணீர் மட்டும் அடுத்ததற்குப் போகட்டும். கசடைத் தினமும் வாரி எடுங்கள். அரிசி களைந்த தண்ணீரைக் கேட்டு வாங்கிப் போக மாடு வளர்ப்பவர்கள் மதுரையில் இன்னும் இருக்கிறார்கள்.

தொட்டி கட்டிய பிறகு எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். அவர் வராவிட்டாலும் போட்டோ எடுத்து மாநகராட்சிக்குத் தரும் விளக்கத்தோடு இணையுங்கள். நோட்டீஸுக்குப் பதில் தராமல் இருப்பதுதான் சிறுதொழில் செய்கிறவர்கள் வழக்கமாகச் செய்யும் தப்பு. கெடு முடிந்துவிட்டால் நீங்கள் சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே உங்களுக்கு எதிராக உத்தரவு வந்துவிடும்.

கேள்வி: எங்கள் ஊரில் வீடுகளுக்கு மத்தியில் டாஸ்மாக் கடை திறக்கக் கட்டடம் தயாராகிறது. பெண்களும் பள்ளிப் பிள்ளைகளும் போகும் வழி அது. வீடுகளிலிருந்து இத்தனை மீட்டர் தள்ளித்தான் கடை இருக்க வேண்டும் என்று விதி உண்டா? கிராம சபைத் தீர்மானம் போட்டால் தடுக்க முடியுமா?
— ஒரு வாசகர், தருமபுரி மாவட்டம்

பதில்: பலர் நம்பிக்கொண்டிருக்கும் அந்த விதி புத்தகத்தில் இல்லை. 2003-ஆம் ஆண்டின் மதுபானச் சில்லறை விற்பனை விதிகள் தூரக் கட்டுப்பாடு வைத்திருப்பது வழிபாட்டுத் தலத்துக்கும் கல்வி நிலையத்துக்கும்தான். மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர். வீடு என்ற சொல் அந்தத் தூர விதியில் கிடையாது. அதிலும் ஒரு விலக்கு உண்டு. திட்டக் குழுமம் வணிகம் அல்லது தொழில் உபயோகம் என்று வகைப்படுத்திய இடமாக இருந்தால் அந்த 50, 100 மீட்டரும் பொருந்தாது. ஆக, இங்கேயும் கடைசியில் நில உபயோகச் சான்றில்தான் வந்து நிற்கிறோம்.

இந்தப் பிரச்சினை திடீரென்று ஊருக்குள் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சாலையோரத்தில் மூடிய கடைகள் இடம் தேடி ஊருக்குள் நுழைந்தன. 2017-இல் தமிழ்நாடு முழுக்கப் பெண்கள் கடைகளின் முன் உட்கார்ந்தது அதனால்தான். திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் அந்த ஏப்ரலில் நடந்த போராட்டம் பலருக்கும் நினைவிருக்கும். குடிக்கிறவர் வசதிக்கு வீட்டுக்காரர் வாசலைக் கொடுக்க வேண்டும் என்ற ஏற்பாட்டை நான் ஒருபோதும் ஒப்புக்கொண்டதில்லை. விதி அமைதியாக இருந்தால் எதிர்க்கக் காரணமே இல்லை என்றும் ஆகிவிடாது.

கிராம சபைத் தீர்மானம் போடுங்கள், கட்டாயம் போடுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை சபை கூடுகிறது. தீர்மானம் மட்டும் கடைக்குப் பூட்டுப் போட்டுவிடாது. ஆனால் மாவட்ட ஆட்சியரிடமும், பிறகு தேவைப்பட்டால் உயர் நீதிமன்றத்திலும் நீட்டுவதற்கு அதைவிட நல்ல காகிதம் இல்லை. ‘மதுக்கடை வேண்டாம்’ என்று ஒற்றை வரியில் முடிக்காமல், பள்ளி எங்கே, கோயில் எங்கே, பஸ் நிறுத்தம் எங்கே, பெண்கள் தண்ணீருக்குப் போகும் வழி எது என்று தீர்மானத்திலேயே எழுதச் செய்யுங்கள். தூரத்தை எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளி வரை அளந்தார்கள் என்ற வரைபடத்தையும் கேட்டு வாங்குங்கள்.

ஒரு உபாயமும் சொல்கிறேன். கடை இன்னும் திறக்கவில்லை என்கிறீர்கள். கட்டடத்துக்கு ஓர் உரிமையாளர் இருக்கிறார், அவர் உங்கள் ஊர்க்காரராகவோ உறவுக்காரராகவோதான் இருப்பார். பெரியவர்கள் நாலு பேர் அவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசுங்கள். வாடகை ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் பேசினால் அது ஊர்ப் பேச்சோடு முடியும். கையெழுத்தான பிறகு பேசினால் வழக்காகிவிடும். திறந்த கடையை மூட வைப்பது இதைவிடப் பல மடங்கு பாடு. 2023 ஜூனில் அரசே 500 கடைகளை மூடியது என்றாலும், உங்கள் ஊர்க் கடை அப்படியொரு பட்டியலில் வரும் என்று காத்திருக்க முடியாது.

கேள்வி: என் வீட்டுக் கீழ்த்தளத்தில் இரண்டு சக்கர வாகன வாட்டர் சர்வீஸ் நடத்துகிறேன். மின் இணைப்பு வணிகக் கட்டணத்துக்கு மாற்றப்பட்டுவிட்டது. சொத்து வரியும் குடியிருப்பு அல்லாத கட்டடம் என்றே கட்டுகிறேன். இருந்தும் நகரமைப்பு ஆய்வாளர் நோட்டீஸ் கொடுத்திருக்கிறார். வரியை வாங்கிக்கொண்டு இது என்ன நியாயம்?
— ஒரு வாசகர், சேலம்

பதில்: உங்கள் ஆதங்கம் புரிகிறது, ஆனால் வாதம் நிற்காது. வரி போடுகிறவர் கட்டடம் எப்படிப் பயன்படுகிறது என்று பார்த்துப் போடுகிறார். அப்படிப் பயன்படுத்தலாமா என்பதை அவர் தீர்மானிப்பதில்லை. மின்வாரியமும் அப்படித்தான். இரண்டு ரசீதும் சேர்ந்து ஒரு திட்ட அனுமதி ஆகாது.

2024 டிசம்பர் 17-இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. உத்தரப் பிரதேசம் மீரட்டில், குடியிருப்புக்கென்று ஒதுக்கிய மனையில் கடைகள் கட்டிவிட்டார்கள். இடிக்க வேண்டும் என்ற அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் முடிவை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. இத்தனை வருஷம் அதிகாரிகள் சும்மா இருந்தார்களே, இவ்வளவு பணம் போட்டுவிட்டோமே என்ற சமாதானங்கள் எடுபடவில்லை. அந்த வழக்கோடு நில்லாமல் நாடு முழுமைக்கும் உத்தரவுகள் போட்டார்கள். அனுமதியற்ற கட்டடத்தில் தொழில் நடத்த எந்த அமைப்பும் உரிமம் தரக் கூடாது என்பது அதில் ஒன்று. உங்களுக்கு வந்திருக்கும் நோட்டீஸின் பின்னால் இருப்பது அதுவாகவும் இருக்கலாம்.

வாட்டர் சர்வீஸ் என்பதால் கூடுதல் கேள்விகளும் வரும். வாகன சர்வீஸைப் பெட்டிக்கடை போலப் பார்க்க மாட்டார்கள். எண்ணெயும் கிரீஸும் கலந்த தண்ணீர் எங்கே போகிறது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கேட்கும். எண்ணெய் பிரிக்கும் தொட்டி இல்லாமல் தெருக் கால்வாயில் விடுகிறீர்கள் என்றால், நோட்டீஸுக்குப் பதில் எழுதும் முன் அதை நிறுத்துங்கள். நில உபயோகம் இடம் கொடுத்தால் திருத்திய வரைபடத்தோடு உபயோக மாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள். இடம் கொடுக்கவில்லை என்றால் வேறு இடம் பார்ப்பதே செலவு குறைந்த வழி. வழக்கறிஞர் வேறு மாதிரிச் சொல்லக்கூடும். அவர் பிழைப்பு அது.

கேள்வி: சுயசான்று முறையில் உடனடி அனுமதி வாங்கி வீடு கட்டியிருக்கிறேன். முன்னறையை மருந்துக் கடைக்கு விடலாமா?
— ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: 2024 ஜூலையில் வந்த அந்தத் திட்டம் 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீட்டுக்கு மட்டும். ‘இது வீடு’ என்று சான்று சொன்னவர் நீங்கள்தான். கையெழுத்தின் ஈரம் காயும் முன் ஷட்டர் போட்டால் பொய் சொன்னதாகிவிடும். கடை வேண்டுமென்றால் உபயோக மாற்றத்துக்கு முறைப்படி விண்ணப்பித்து, அதன் பிறகு வாடகைப் பேச்சைத் தொடங்குங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டுக் காம்பவுண்டை ஒட்டிய காலி மனையில் பெட்ரோல் பங்க் வரப்போகிறதாம். ஏதாவது தூரக் கணக்கு உண்டா?
— ஒரு வாசகி, விழுப்புரம் மாவட்டம்

பதில்: உண்டு. 2020 ஜனவரியில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் புதிய பங்க்குகளுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. பள்ளி, பத்துப் படுக்கையோ அதற்கு மேலோ உள்ள மருத்துவமனை, குடியிருப்புப் பகுதி ஆகியவற்றிலிருந்து 50 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். இட நெருக்கடி என்றால் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு சொல்லும் கூடுதல் ஏற்பாடுகளோடு குறைக்கலாம், ஆனால் எந்த நிலையிலும் 30 மீட்டருக்குக் கீழே போகக் கூடாது. தூரத்தை அளக்க வேண்டியது மனை எல்லையிலிருந்து அல்ல. டேங்கில் எண்ணெய் நிரப்பும் இடம், வண்டிக்கு ஊற்றும் பம்ப், ஆவி வெளியேறும் குழாய் இந்த மூன்றில் எது கிட்டத்தில் இருக்கிறதோ அதிலிருந்து. பங்க்கின் வரைபடம் இல்லாமல் நீங்கள் டேப் பிடிப்பதில் பயனில்லை.

ஒரு பொடி வைத்திருக்கிறார்கள், கவனியுங்கள். உள்ளூர்ச் சட்டப்படி குடியிருப்பு என்று குறிக்கப்பட்ட பகுதி என்பதே அங்குள்ள வாசகம். உங்கள் வீடு அனுமதியற்ற மனைப்பிரிவில் இருந்து, 2017-இல் வரன்முறைத் திட்டம் வந்தபோதும் வரன்முறை செய்யாமல் விட்டிருந்தால், முதல் கேள்வி உங்களை நோக்கித்தான் வரும். ஆகவே உங்கள் மனையின் காகிதங்களை முதலில் எடுத்துப் பாருங்கள். ஆட்சேபத்தை மாவட்ட ஆட்சியரிடம் கொடுக்க வேண்டும்; தடையின்மைச் சான்று தருவது அவர். சான்று கொடுத்த பிறகு போனால் எண்ணெய் நிறுவனத்தோடும் சேர்த்து வழக்காட வேண்டிவரும்.

கேள்வி: எங்கள் தெருவில் ஒரு மனையை ஆதாரக் குடியிருப்பிலிருந்து வணிக உபயோகத்துக்கு மாற்றக் கேட்டிருப்பதாகவும், ஆட்சேபம் இருந்தால் தெரிவிக்கலாம் என்றும் பேப்பரில் சின்ன விளம்பரம் வந்திருக்கிறது. திருமண மண்டபம் கட்டப் போவதாகப் பேச்சு. தெருவின் அகலம் 20 அடிதான். ஆட்சேபக் கடிதத்தில் என்ன எழுதுவது?
— ஒரு வாசகர், சென்னைப் புறநகர்

பதில்: இன்று வந்த கடிதங்களில் சரியான நேரத்தில் கேட்டவர் நீங்கள் ஒருவர்தான். சாதாரணத் திட்ட அனுமதிக்குப் பக்கத்து வீட்டாரைக் கேட்க வேண்டிய கட்டாயம் இல்லை. அதனால்தான் பலருக்கு ஷட்டர் ஏறிய பிறகே விஷயம் தெரிகிறது. நில உபயோக மாற்றம் அப்படி அல்ல. நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 32-ஆம் பிரிவில் முழுமைத் திட்டத்தையே திருத்துகிற வேலை அது என்பதால், ஊரைக் கேட்டாக வேண்டும்.

மண்டபம் கட்டப் போகிறார்கள் என்ற பேச்சைக் கடிதத்தின் தலைப்பில் வைக்காதீர்கள். வணிகம் என்று மாற்றிவிட்டால் அங்கே மண்டபமும் வரலாம், வேறு பத்தும் வரலாம். அவர் “மண்டபம் கட்டும் எண்ணம் இல்லை” என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் உங்கள் கடிதம் செத்துவிடும். விளம்பரத்தில் உள்ள புல எண்ணையும் கோப்பு எண்ணையும் அப்படியே எழுதுங்கள். தெருவின் அகலத்தை மூன்று இடங்களில் டேப் பிடித்து அளந்து, குறுகலான இடத்தின் அளவைப் போடுங்கள். மின்கம்பமும் டிரான்ஸ்பார்மரும் எவ்வளவு இடத்தை அடைக்கின்றன, மழைநீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, அந்த மனையைச் சுற்றி எத்தனை வீடு, பள்ளி வேன் எத்தனை மணிக்கு வந்து திரும்ப எவ்வளவு சிரமப்படுகிறது என்று எழுதுங்கள். தீயணைப்பு வண்டி திரும்ப முடியாத தெரு என்றால் ஒரு போட்டோ போதும். சுற்றியுள்ள எல்லாப் புல எண்களும் ஆதாரக் குடியிருப்பாக இருக்க இந்த ஒன்று மட்டும் ஏன் மாற வேண்டும் என்ற கேள்வியையும் வையுங்கள். சென்னைப் பெருநகரப் பகுதிக்கு 2008-இல் வந்த இரண்டாம் முழுமைத் திட்டத்தின் உபயோகத்தைப் புல எண் கொடுத்து இணையத்திலேயே பார்க்கலாம்.

கடிதத்தை நேரில் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். விளம்பரத்தில் கெடு தேதி இருக்கும். அதைத் தாண்டிய ஆட்சேபத்தைப் படிக்க வேண்டிய கடமை யாருக்கும் இல்லை. இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது கெடு முடிந்திருக்கக்கூடும் என்பதால், இந்தப் பதிலின் நகலை உங்கள் முகவரிக்கு இன்றே அனுப்பிவிடும்படி ஆசிரியரிடம் சொல்லியிருக்கிறேன்.